உப்பு விளையும் மரக்காணம்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்யும் எவரும் மரக்காணத்தைக் கடக்காமல் போக முடியாது. ஆயினும் அங்கே இறங்குவோர் மிகச் சிலரே. சாலையோரம் சதுரம் சதுரமாக வகுக்கப்பட்ட பாத்திகளையும், வரப்புகளின் மேல் குவிந்து கிடக்கும் வெண்ணிறக் குவியல்களையும் வாகனத்தின் சன்னல் வழியே பார்க்கிறோம், பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுகிறோம், அவ்வளவுதான். மாமல்லபுரமோ புதுச்சேரிக் கடற்கரையோ நம்மை அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. சமையலறையில் நமது கை அன்றாடம் தேடும் பொருள் எங்கே, எவ்விதம், யாருடைய உழைப்பால் விளைகிறது என்பதை அறிய விரும்பும் குடும்பத்தினர் ஒரு பகற்பொழுதை இவ்வூருக்கென ஒதுக்கலாம். பொருட்செலவு மிகக் குறைவு. பார்க்கவும் சிந்திக்கவும் கிடைப்பது அதிகம்.

புதுச்சேரிப் பக்கமிருந்து புறப்படுவோருக்கு வழி எளிது. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் கோட்டக்குப்பத்தைக் கடந்தால் சிறிது தொலைவில் பொம்மையார்பாளையம். மீனவர் குப்பமும் பழைய மடமும் கொண்ட இக்கிராமத்தில் ஒருமுறை கீழ்ப்புறம் திரும்பிக் கடலைப் பாருங்கள். புதுச்சேரித் துறைமுகத்துக்கென 1980களின் இறுதியில் கடலுக்குள் கல் அணைகள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை தடுத்துவிட்டன. அதனால் வடபுறக் கரை அரிக்கத் தொடங்கிற்று. ஓரிடத்தில் கல் கொட்டித் தடுத்தால் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகிறது. இப்படி ஊர் ஊராக நகர்ந்து வந்த அரிப்பு பொம்மையார்பாளையத்துக் கரையையும் விட்டுவைக்கவில்லை. கடல் கொடுக்கும் ஊருக்குப் போகும் வழியில், கடல் எடுத்துக்கொண்ட கரையையும் பிள்ளைகள் கண்டு வைக்கட்டும்.

அங்கிருந்து காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், கீழ்ப்புத்துப்பட்டு, அனுமந்தை என ஊர்கள் நகரும். அடுத்து கூனிமேடு. இந்தச் சிற்றூரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டகசாலை வைத்திருந்தது என்றால் இன்று நம்புவது கடினம். புதுச்சேரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் கடந்ததும் மரக்காணம்.

பாத்தியின் கதை

மரக்காணத்தின் உப்பளங்கள் மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்டவை. தமிழகத்தில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்து எண்ணத்தக்க உப்பு விளைநிலம் இதுவே. கடலை ஒட்டிய தாழ்ந்த களிமண் நிலம், உப்பங்கழி, உப்பேறிய நிலத்தடி நீர், ஆண்டில் எட்டு மாதம் சுட்டெரிக்கும் வெயில், ஓயாத கடற்காற்று: உப்புக்கு வேண்டியவை இவைதாம். நெல் விளையும் நிலத்தில் நாம் எவற்றையெல்லாம் குறை என்போமோ அவையெல்லாம் இங்கே நிறை!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையில் வேலை தொடங்கும். மழைநீரை வடித்து, படிந்த சேற்றை வழித்தெறிந்து, வரப்புகளைச் செப்பனிடுவார்கள். பிறகு பாத்தியின் தரையை மிதிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று வெறுங்காலால் நாட்கணக்கில் மிதித்து மிதித்துக் களிமண்ணைச் சிமிட்டித் தரைபோல் இறுக்குவார்கள். தரை இளகினால் நீர் கீழே இறங்கிவிடும். உப்பும் சேறு கலந்து கறுத்துவிடும். ஆகவே நமது தட்டில் வெள்ளையாக விழும் உப்பின் வெண்மை, முதலில் அந்தப் பாதங்களின் வேலையே ஆகும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் உப்பு முக்கால் பங்குக்குச் சற்று மேல். நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்தி, அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க எஞ்சிய நீர் கனமாகும். முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். பின்னர் ஜிப்சம் படியும். இவை கழிந்த பிறகே கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். நீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் 24, 25 பாகை வரும்போது இது நிகழ்கிறது. நெடுநாள் அனுபவமுள்ளவர்கள் மானியை எதிர்பார்ப்பதில்லை. நீரின் நிறமே அவர்களுக்குச் சொல்லிவிடும். உப்பை வாரிய பின் மிஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் நிறைந்திருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் அடுத்த உப்பும் கசந்துவிடும்.

இந்த இடத்தில் மத்ரஸா ஆசிரியனான எனக்கு ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. ஃபாத்திர் அத்தியாயத்தில் இறைவன் இரு கடல்களை ஒப்பிடும்போது, ஒன்றை இனிய நீர் என்றும், மற்றொன்றை உப்பு என்றும் ‘உஜாஜ்’ என்றும் கூறுகிறான். ‘உஜாஜ்’ என்பதற்குக் கசப்பு என்று மாணவர்களுக்குப் பொருள் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவோம். அளத்தில் எஞ்சிய நீரில் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்ப்பவருக்கு அகராதி தேவைப்படாது.

உப்பு விளைந்ததும் நீண்ட கைப்பிடி கொண்ட மரப்பலகையால் அதைக் கரைக்கு இழுப்பார்கள். பிறகு கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் குவிப்பார்கள். சுமப்போரில் பெண்கள் மிகுதி. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன் தொடங்கி முற்பகலில் முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் வெயிலை விடக் கொடியது அதன் பிரதிபலிப்பு. வெள்ளைப் பரப்பில் பட்டு எதிரொளிக்கும் ஒளி கண்ணை வருத்துகிறது. உப்பு நீரில் ஊறிய பாதங்கள் வெடிக்கின்றன. வெடிப்பில் உப்பு புகுந்தால் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அருகில் நிழலோ குடிநீரோ இல்லாத பரப்பு அது. பெண்களின் சிரமங்களை நம் தாய்மார்கள் கூறாமலே அறிவார்கள்.

உப்பு யாருக்குச் சொந்தம்?

உப்பைப் பற்றி நமது மார்க்கம் பேசியிருப்பது கொஞ்சமல்ல. ஹதீஸ் பாடத்தில் வணிகப் பகுதிக்கு வந்ததும் மாணவர்கள் மனனம் செய்யும் ஆறு பொருள்கள் உண்டு: தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு. இவற்றை அதே இனத்துக்கு மாற்றும்போது அளவு சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும், மிகுந்தால் வட்டி. தங்கத்தின் வரிசையில் உப்பு ஏன் நிற்கிறது என்று மாணவர் யாரேனும் கேட்காத ஆண்டில்லை. உப்பு இல்லாத நாளைக் கண்டவர்களுக்கு அந்த ஐயம் எழாது.

இதனினும் ஆழ்ந்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. யமன் நாட்டின் மாரிப் பகுதியைச் சேர்ந்த அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தூது வந்தார்கள். தம் நாட்டிலிருந்த உப்பு நிலத்தைத் தமக்கு மானியமாக வழங்கும்படி வேண்டினார்கள், நாயகமும் வழங்கினார்கள். அவர் எழுந்து சென்றதும், அவையிலிருந்த ஒருவர், அது வற்றாத நீரூற்றைப் போன்று எவரும் சென்று எடுத்துக்கொள்ளத்தக்க உப்பு என்பதை எடுத்துரைத்தார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உழைப்பின்றி மக்கள் அனைவருக்கும் கிட்டும் இயற்கைப் பொருளை ஒருவருக்கே பட்டயம் எழுதிக் கொடுக்கலாகாது என்ற சட்டத்தை அறிஞர்கள் இதிலிருந்து எடுத்தார்கள்.

அப்படியானால் மரக்காணத்துப் பாத்தி? ஹிஜ்ரி 620இல் மறைந்த ஹன்பலி சட்ட மேதை இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தமது ‘அல்முக்னீ’ நூலில் ஏறத்தாழ இதே கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். கடற்கரையில் நீரைப் பாய்ச்சினால் உப்பாகும் நிலமொன்று இருந்தால், அதைச் செப்பனிட்டவர் உரிமை கொள்ளலாம். ஆட்சியாளர் மானியமாகவும் வழங்கலாம். காரணம், அங்கே உப்பு தானாகக் கிடப்பதில்லை. உழைத்தும் செலவிட்டும் உண்டாக்க வேண்டியிருக்கிறது. கவனியுங்கள். இந்த நிலத்தில் உரிமை பிறப்பதே உழைப்பின் வாசல் வழியாகத்தான்.

நடப்பு என்ன? நிலம் பெரும்பாலும் அரசுடையது. குத்தகை பெற்றவர் ஒருவர். பாத்தியில் நிற்பவர் வேறொருவர். கூலி, நாட்கணக்கு. கடையில் உப்புப் பொட்டலத்துக்கு நாம் தரும் விலைக்கும் அளத்து மேட்டில் அதே எடைக்குக் கிடைக்கும் விலைக்கும் இடையில் அரைத்தல், அயோடின் கலத்தல், பொட்டலமிடல், வண்டி வாடகை, விளம்பரம் எனப் பல கைகள் உள்ளன. முதற்கைக்குச் சேர்வது மிகச் சிறிய பங்கு. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். உப்பளத்தில் வியர்வையும் உப்பாகத்தான் உலர்கிறது.

அந்நிய ஆட்சியும் இவ்வுப்பில் கை வைத்தது. 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. கரையில் கிடக்கும் உப்பை ஏழை அள்ளினால் குற்றம் என்றானது. 1930இல் காந்தியடிகள் தண்டியிலும், இராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பெடுத்த வரலாறு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. காந்தியடிகள் கைதானதும் தராசனா உப்பளப் போராட்டத்துக்குத் தலைமையேற்றவர் பரோடா சமஸ்தானத்தின் முன்னாள் நீதிபதி அப்பாஸ் தையப்ஜி; அப்போது அவருக்கு வயது 76. அவரும் கைது செய்யப்பட்டார். இப்பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? உப்பு வரி 1947இல் நீங்கியது.

மழை வந்தால்

வானம் பார்த்த உழவர் மழைக்காகக் கையேந்துவார். உப்பளத்தார் மழை விலகக் கையேந்துவார். இறைவன் இருவர் துஆவையும் செவிமடுக்கிறான்! ஐப்பசி முதல் மார்கழி வரை அளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. இந்த வேலையற்ற மாதங்களுக்கெனத் தமிழக அரசு 2022 முதல் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு இது போதுமா என்பதை வீட்டுக் கணக்கு எழுதும் சகோதரிகளிடமே விடுகிறேன்.

புயல் வந்தால் கணக்கே மாறிவிடும். 2020 நவம்பரில் ‘நிவர்’ புயல் மரக்காணத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையேறியபோது இப்பகுதியில் பெய்த மழையில் அளங்கள் ஏரியாயின. வரப்பு கரையும், மிதித்து இறுக்கிய தரை இளகும், மேட்டில் விற்காமல் கிடந்த உப்பு வந்த வழியே கடலுக்குப் போகும். பிறகு மறுபடியும் மிதிக்க வேண்டும்.

இந்த உப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு நம்மில் பலர் எதிர்பாராத விடையொன்றும் உண்டு: தோல். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோல்கள் மத்ரஸாவுக்கு வந்து குவியும்போது முதல் வேலை உப்பைக் கொட்டித் தேய்ப்பதுதான். சில மணி நேரம் தாமதித்தால் தோல் கெட்டுவிடும். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்களவு கல்லுப்பு பிடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்கூடங்கள் வரை அந்த உப்பு கூடவே பயணம் செய்கிறது. அங்கே கழுவப்பட்ட உப்புநீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்த கதை நமது சமுதாயத் தொழிலதிபர்கள் நன்கறிந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். தோலின் விலை வீழ்ந்துவிட்ட இந்நாட்களில், உப்புக்கான செலவே கட்டுமா என்று மத்ரஸா நிர்வாகிகள் கவலைப்படுகிறார்கள்.

உண்ணக் கிடைப்பவை

உப்பும் மீனும் ஒரே கரையில் இருந்தால் பிறப்பது கருவாடு. நெத்திலி, வாளை, காரல், சுறா என வகைக்கொரு பக்குவம். நெத்திலியை அப்படியே மணலிலும் வலையிலும் உலர்த்துவார்கள். பெரிய மீனைக் குடல் நீக்கிக் கீறி, கீறலில் உப்பைத் திணித்து அடுக்கி ஊறவிட்டு, பின்னரே வெயிலில் இடுவார்கள். வாங்கும்போது மோந்து பாருங்கள். கருவாட்டு மணம் வேறு, கெட்ட வாடை வேறு. மணல் ஒட்டாமல் வலை மீதோ மேடையிலோ உலர்த்தியதைத் தேர்ந்தெடுங்கள். சமைக்குமுன் வெந்நீரில் இருமுறை அலசினால் உப்பும் மணலும் போகும்.

இது நேற்று முளைத்த தொழிலன்று. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆய்வாளர். நல்லியக்கோடனின் நாட்டுக்குச் செல்லும் பாணனுக்கு, அவ்வூர்ப் பரதவர் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுப்பார்கள் என்று புலவர் ஆசை காட்டுகிறார். (கூடவே கள்ளும் கொடுப்பார்களாம், அதை நாம் விட்டுவிடுவோம்.)

உப்பங்கழி மீன்களில் மடவையும் கொடுவாவும் சிறந்தவை. இறாலும் நண்டும் தாராளம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பத்தார் இறாலை நிம்மதியாக உண்ணலாம். ஹனஃபி குடும்பத்தார் மீனோடு நிறுத்திக்கொள்வார்கள். இறாலைப் பற்றி அவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. இரு மத்ஹபும் சம்பந்தம் செய்துகொண்ட வீடுகளில் அம்மிக்கல் வரை இந்த விவாதம் போகும் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

மாசி முதல் சாலையோரம் தர்ப்பூசணி மலையாகக் குவிந்திருக்கும். மரக்காணம், திண்டிவனம் பகுதியின் மணற்பாங்கான நிலம் அதற்கு ஏற்றது. கோடையில் பனைநுங்கும் உண்டு. வறுத்த மல்லாட்டை எக்காலமும் கிடைக்கும். வேர்க்கடலைக்கு இப்பக்கத்துப் பெயர் அது.

கல்லுப்பு வாங்கி வர எண்ணுவோர்க்கு ஒரு சொல். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அது உகந்தது. ஆனால் அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலையும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவும் நேரும். ஆகவே உணவுக்கு நேரடியாக விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்று 2006 முதல் சட்டம் உள்ளது. அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்ந்த உப்பையே வாங்கி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள்.

கோட்டையும் கழுவெளியும்

ஊருக்குள் பூமீஸ்வரர் ஆலயச் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. உப்பளங்களைப் பற்றிய குறிப்புகளும் அவற்றில் காணப்படுகின்றன. ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இப்பகுதியில்தான். 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் பசித்த மக்களைக் கூலிக்கு அமர்த்தி அக்கால்வாயின் சென்னைப் பகுதியை வெட்டினார்கள். ஒரு காலத்தில் உப்பு மூட்டைகளைச் சுமந்த படகுகள் இவ்வழியே சென்னைக்குச் சென்றன.

வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில், கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த இக்கோட்டை ஆர்க்காட்டு நவாபுகளின் கையில் இருந்தது. துறைமுகமும் நாணயச் சாலையும் இங்கே இயங்கின. 1750இல் முஸஃபர் ஜங், தமக்குத் துணைநின்ற பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்கு இதனை அளித்தார். பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். துய்ப்ளேவின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஆலம்பரையின் பெயர் வருகிறது. நட்புக்கு ஈடாகக் கோட்டையைக் கொடுத்தவருக்கு நாடும் தங்கவில்லை, உயிரும் தங்கவில்லை. மறு ஆண்டே அவர் போரில் மாண்டார். இன்று எஞ்சியிருப்பவை உடைந்த மதில்களும், அவற்றைப் பிளந்து வளரும் மரங்களும். 2004 ஆழிப்பேரலையும் தன் பங்குக்குச் சேதம் செய்தது. மதில்களின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். மதிலுக்குக் கீழே உப்பங்கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல்.

மரக்காணத்துக்குத் தென்மேற்கே விரியும் கழுவெளி, பழவேற்காட்டுக்கு அடுத்துத் தென்னாட்டில் பெரிய உவர்நீர் ஏரி. மழைநீரும் கடல்நீரும் இங்கே கலக்கின்றன. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பூநாரைகளும் கூழைக்கடாக்களும், மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் கடந்து வரும் உள்ளான் வகைகளும் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன.

உப்பும் பூநாரையும் அண்டை வீட்டார் போலும். துருக்கியின் இஸ்மீர் நகருக்கு அருகிலுள்ள பெரிய உப்பளமும் பூநாரைகளுக்குப் பெயர்பெற்றதே. அந்நாட்டின் நடுவிலுள்ள உப்பு ஏரியான ‘தூஸ்’ ஏரியும் அவ்வாறே. அங்கே 2021 கோடையில் நீர் வற்றி, பறக்கப் பழகாத பூநாரைக் குஞ்சுகள் ஏராளமாக மடிந்தன. வறட்சியோடு, ஏரிக்கு வரும் நீர் வேளாண்மைக்குத் திருப்பப்பட்டதும் காரணம் என்று சூழலியலார் கூறினர். கழுவெளியின் கரைகளிலும் ஆக்கிரமிப்பும் இறால் பண்ணைகளும் நெருங்கி வந்துள்ளன. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. உண்ட வீட்டுக்குக் கடன்பட்டிருப்பதைத் துருக்கியர் ‘உப்பு ரொட்டி உரிமை’ என்கிறார்கள். இரு மொழிகளும் அந்த நன்றியை வீட்டாரோடு நிறுத்திக்கொண்டன. ஏரி வரை அது போகவில்லை.

செல்ல விரும்புவோர் தை, மாசி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். பறவைகளும் இருக்கும், பாத்தி மிதிப்பதையும் பார்க்கலாம். சுப்ஹு தொழுகையை முடித்த கையோடு அளத்துக்குப் போய்விட வேண்டும். அனுமதி கேட்காமல் வரப்பில் கால் வைக்காதீர்கள். ஈரத் தரையில் ஒரு செருப்புத் தடம் பதிந்தால் அதைச் சரி செய்ய ஒருவர் மீண்டும் மிதிக்க வேண்டும். பெண்களைப் படம் பிடிக்காதீர்கள். குடிநீர் கொண்டு போகும்போது ஒரு குடம் கூடுதலாகக் கொண்டு போங்கள். கேட்கமாட்டார்கள், கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.